ஜனவரியில் ஏற்றிய கொடி

கயிற்றைச் சுண்டி இழுத்தேன். கொடி விரியவில்லை.

இன்னொரு முறை, கொஞ்சம் பலமாக இழுத்தேன். கம்பத்தின் உச்சியில் பொட்டலம் போலக் கட்டியிருந்த கொடி ஓர் ஆட்டம் ஆடியது, அவ்வளவுதான். கொடிக்குள் வைத்துச் சுருட்டியிருந்த கேந்திப் பூவில் ஒரே ஓர் இதழ் நழுவி வந்து என் மூக்கின் மேல் விழுந்தது. முன்வரிசையில் நின்ற ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவர்கள் சிரித்ததில் தப்பே இல்லை, நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன். பின்னால் கைகட்டி நின்ற பெரிய மனிதர்கள் சிரித்ததுதான் எனக்குச் சுருக்கென்றது.

தை மாதத்துக் காலை, குடியரசு தினம். எங்கள் ஊராட்சி அலுவலக வாசலில் பிளீச்சிங் பவுடரால் கோடு போட்டு, கம்பத்தைச் சுற்றிக் கோலமும் போட்டிருந்தோம். கொடியைச் சுருட்டி, உள்ளே பூ வைத்து, உருவுமுடிச்சாகக் கட்டி உச்சிக்கு அனுப்பியிருப்பார்கள். கீழே நிற்கிறவர் கயிற்றைச் சுண்டினால் முடிச்சு அவிழும், பூக் கொட்டும், கொடி பறக்கும். சின்னப் பிள்ளைகூடச் செய்கிற வேலை என்று எல்லாரும் எனக்குச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள்.

மூன்றாவது முறை இழுத்தேன். இழுக்க இழுக்க மேலே முடிச்சு இறுகுவது என் உள்ளங்கைக்குத் தெரிந்தது.

“குடு பேச்சி. நான் பாத்துக்கிறேன்.”

என் தோளைத் தாண்டி ஒரு கை கயிற்றுக்கு நீண்டது. என் வீட்டுக்காரர் கை. அந்தக் கையில் நான் கயிற்றைக் கொடுத்திருந்தால், இந்த வாரம் உங்களுக்கு எழுத என்னிடம் ஒன்றும் இருந்திருக்காது.

ஸ்டாண்டு போட்ட சைக்கிள்

இந்தத் தொடரில் நான் ஐந்து வருடம் ஊராட்சி மன்றத் தலைவராக இருந்தேன் என்று எழுதியதும் ஒரு வாசகர் கடிதம் போட்டிருந்தார். “உண்மையில் நிர்வாகம் பார்த்தது நீங்களா, உங்கள் கணவரா?” என்று கேட்டிருந்தார். படித்ததும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பேனாவை எடுத்து நான்கு வரி காரமாக எழுதியும் விட்டேன். பிறகு யோசித்துப் பார்த்தால் கேள்வி நியாயமானதுதான். கிழித்துப் போட்டுவிட்டேன்.

பதில் இதுதான். முதல் இரண்டு வருடம் அவர் பார்த்தார். மிச்சம் மூன்று வருடம் நான் பார்த்தேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு கொடிக்கம்பம் நிற்கிறது.

எங்கள் ஊர் டி. கல்லுப்பட்டியிலிருந்து மேற்கே வண்டியில் இருபது நிமிடம். பருத்தி, மக்காச்சோளம், மழை மனசு வைத்தால் கண்மாய்க்குக் கீழே நெல். ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் சண்டைக்கு வருவார்கள் என்று பயமில்லை, எத்தனையோ சண்டையைப் பார்த்தாயிற்று. இந்தக் கதை நடக்காத ஊர் எங்கள் வட்டாரத்தில் குறைவு என்பதால் ஒரு ஊரை மட்டும் இழுப்பானேன் என்றுதான்.

என் வீட்டுக்காரர் பெயர் செல்லப்பாண்டி. தலைவராக வேண்டும் என்பது அவருக்கு நெடுநாள் ஆசை. கல்யாணம், காதுகுத்து, எழவு என்று ஒன்று விடாமல் போய் நின்று பெயர் சம்பாதித்து வைத்திருந்தார். அவர் நேரம், தேர்தல் அறிவிப்பு வந்தபோது எங்கள் ஊராட்சியைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். இரண்டு நாள் எங்கள் வீடு எழவு வீடு மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் காலையில் மனுத்தாள் வாங்கி வந்து என் முன்னால் வைத்தார்.

என்னை நிறுத்தினார் என்று ஊரில் சொன்னார்கள். சரியான சொல். சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்துவதுபோல நிறுத்தினார். எனக்குக் கிடைத்த சின்னம் பூட்டு சாவி. சுவரொட்டியில் என் பெயர் சின்னதாக இருந்தது, அவர் கும்பிட்டபடி பெரிதாக இருந்தார். ஒரு பாட்டி அவருக்கு ஓட்டுப் போட்டதாகவே எண்ணிக்கொண்டு கடைசிவரை அவரைத்தான் வாழ்த்திக்கொண்டிருந்தார். ஜெயித்த அன்று முதல் மாலை அவர் கழுத்தில் விழுந்தது. இரண்டாவது எனக்கு வந்தது, அதிலும் பாதிப் பூ உதிர்ந்திருந்தது.

அவருடைய பைக்கில் “ஊராட்சி மன்றத் தலைவர்” என்று ஸ்டிக்கர் ஒட்டினார். அதே பைக்கில் பின்னால் உட்கார்ந்துதான் நான் பதவிப் பிரமாணத்துக்குப் போனேன்.

வீட்டு வாசலில் ஆள் வந்து நிற்பார்கள். “தலைவர் இருக்காரா?” என்பார்கள். ஆரம்பத்தில் ஒரு தரம் “நான்தேன், சொல்லுங்க” என்றேன். வந்தவர் நான் தமாஷ் பண்ணுகிறேன் என்று நினைத்துச் சிரித்துவிட்டு, “அண்ணே எப்ப வருவாரு?” என்று கேட்டார். பிறகு நானே பழகிக்கொண்டேன். தலைவர் வயலுக்குப் போயிருக்கிறார், தலைவர் குளித்துக்கொண்டிருக்கிறார் என்று பதில் சொல்வேன். என்னைப் பற்றி நானே இப்படிப் படர்க்கையில் பேசிக்கொண்டு இரண்டு வருடம் ஓட்டியதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். மேற்குத் தெருவுக்குத் தண்ணீர் வந்தது அவரால்தான். தெருவிளக்கு எரியாவிட்டால் மின்வாரியத்தில் போய் உட்கார்ந்துகொள்வார். வேலை பார்த்தார், நன்றாகவே பார்த்தார். அதனால்தான் என்னால் வாய் திறக்க முடியவில்லை. என் நாற்காலியில் ஒரு சோம்பேறி உட்கார்ந்திருந்தால் ஆறு மாதத்தில் கிளப்பி விட்டிருப்பேன்.

ஒத்தக்கடையில் ஒரு பயிற்சி

பெண் தலைவர்களுக்குப் பயிற்சி என்று ஒருமுறை மதுரை ஒத்தக்கடைப் பக்கம் ஒரு மண்டபத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். காலையில் மேலூர் ரோட்டில் கல்லூரிப் பிள்ளைகளின் பேருந்துகளுக்கு நடுவே புகுந்து புகுந்து என்னைக் கொண்டுபோய் இறக்கினார். இறக்கியவர் போய்விடுவார் என்று பார்த்தால், அவரும் உள்ளே வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். திரும்பிப் பார்த்தேன். மண்டபத்தில் பாதி வெள்ளை வேட்டி.

பயிற்சி கொடுக்க வந்த அம்மா நல்ல கெட்டிக்காரி. கோபப்படவில்லை. வீட்டுக்காரர்களுக்கெல்லாம் வெளியே வேப்ப மரத்தடியில் டீ கொடுக்கிறார்கள் என்று மட்டும் மைக்கில் சொன்னார். எல்லாரும் எழுந்து போனதும் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டார். சாயங்காலம் வரை அவர்கள் மரத்தடியிலேயே நின்றார்கள், ஒன்றாம் வகுப்பில் பிள்ளையைச் சேர்த்துவிட்டு வாசலில் நிற்கும் தாய்மார்களைப் போல.

உள்ளே அந்த அம்மா, ஒவ்வொருவரும் எழுந்து பெயரையும் பதவியையும் சொல்ல வேண்டும் என்றார். முதலில் எழுந்த பெண், இன்ன ஊர்த் தலைவர் சம்சாரம் என்று சொன்னாள். அந்த ஊர்த் தலைவர் அவளேதான். மண்டபமே சிரித்தது. நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். என் முறை வந்தபோது எழுந்து, “செல்லப்பாண்டி வீட்டுல” என்றேன்.

இந்த முறை அந்த அம்மா சிரிக்கவில்லை. நாடு விடுதலையாகி முதல் பொதுத்தேர்தலுக்கு வாக்காளர் பட்டியல் எழுதிய கதையைச் சொன்னார். எழுதப் போனவர்களிடம் வடக்கே ஏராளமான பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவே இல்லையாம். இன்னார் மனைவி, இன்னார் அம்மா என்றே சொன்னார்களாம். சொந்தப் பெயர் இல்லாமல் ஓட்டு இல்லை என்று அந்த வரிகளைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்களாம். எல்லாருக்கும் ஓட்டு என்று சட்டம் வந்தது, அந்தப் பெண்களிடம் ஓட்டு வந்து வாசலில் நின்றது, பெயர் சொல்லாததால் திரும்பிப் போய்விட்டது.

திரும்பி வரும்போது பைக்கில் நான் ஒன்றுமே பேசவில்லை. வெயில் தலைக்கு ஏறிவிட்டதா என்று அவர் கேட்டார். ஆமாம் என்றேன்.

யாரால்?

அதற்குப் பிறகு ஒரு நாள், ஊராட்சிச் செயலர் முருகேசன் தீர்மானப் புத்தகத்தைக் கையெழுத்துக்குக் கொண்டுவந்தார். எங்கள் ஊரில் அவரைக் கிளார்க்கு என்றுதான் கூப்பிடுவோம். என்னைவிட இளையவர், பாவப்பட்ட மனிதர், யாரையும் பகைத்துக்கொள்ளத் தெரியாது. வழக்கமாக நான் அடுப்படியில் நிற்க, அவர் புத்தகத்தை நீட்டி, மேலே எழுதியிருப்பதை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, “இங்கன போடுங்கம்மா” என்று விரலால் காட்டுவார். மறைக்க வேண்டும் என்று மறைத்ததில்லை, பக்கம் காற்றில் புரளாமல் பிடிப்பதுதான். அன்று அவருக்கு ஏதோ போன் வந்து, பேசிக்கொண்டே வெளியே போய்விட்டார். புத்தகம் என் கையில் இருந்தது.

படித்தேன். “சுதந்திர தினத்தை முன்னிட்டு ஊராட்சி மன்றத் தலைவரால் தேசியக் கொடி ஏற்றப்பட்டது.”

அந்த ஆகஸ்டு பதினைந்தாம் தேதி அந்த நேரத்தில் நான் எங்கே இருந்தேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். வீட்டில் எலுமிச்சைச் சோறு கிளறிக்கொண்டிருந்தேன். பிள்ளைகளுக்கும் வருகிற அதிகாரிகளுக்கும் சேர்த்து ஒரு அண்டா. அம்புட்டுப் பழத்தையும் பிழிந்து விரல் இடுக்கெல்லாம் எரிந்தது. மைக் செட்டில் நாட்டுப்பண் கேட்டபோது கரண்டியோடு நிமிர்ந்து நின்றேன்.

பக்கத்தைப் பின்னால் புரட்டினேன். போன ஜனவரியிலும் தலைவரால் ஏற்றப்பட்டது. அதற்கு முந்தைய ஆகஸ்டிலும் ஏற்றப்பட்டது. கீழே என் கையெழுத்து. கயிற்றையே தொடாத நான், அரசாங்கப் புத்தகத்தில் வருடா வருடம் தவறாமல் கொடியேற்றியிருக்கிறேன்.

முருகேசன் திரும்பி வந்ததும், இந்தத் தலைவரால் என்பது யாரால் என்று கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “அது ஃபார்மட்டும்மா” என்றார்.

யோசித்துப் பாருங்கள். ஏற்றினார் என்று எழுதினால் யார் என்று ஒருவன் கேட்பான். ஏற்றப்பட்டது என்று எழுதிவிட்டால் கேட்க மாட்டான். பள்ளிக்கூடத்தில் நான் படித்த சரித்திரம் முழுக்க இந்தப் பட்டதுதான். சுதந்திரம் பெறப்பட்டது. அரசியலமைப்பு இயற்றப்பட்டது. வாக்குரிமை வழங்கப்பட்டது. பெண்களுக்கு இடங்கள் ஒதுக்கப்பட்டன. பட்டது, பட்டது என்று மனப்பாடம் செய்து பிளஸ் டூவில் நல்ல மார்க்கும் வாங்கினேன். யார் பட்ட பாடு என்று எந்தப் பக்கத்திலும் போட்டிருக்கவில்லை. ஒத்தக்கடையில் அந்த அம்மா சொன்ன பட்டியல் கதை என் புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை.

அரசியலமைப்பின் முகப்புரை மட்டும்தான் இந்திய மக்களாகிய நாம் என்று தொடங்குகிறது. நமக்கு நாமே கொடுத்துக்கொண்டோம் என்று தைரியமாகச் சொல்கிறது. அதைப் பள்ளிக்கூடப் புத்தகத்தின் முன்பக்கத்திலேயே அச்சடித்திருப்பார்கள். அந்தப் பக்கத்திலிருந்து பரீட்சையில் கேள்வி வராது என்பதால் நாங்கள் யாரும் படித்ததில்லை.

அன்று நான் கையெழுத்துப் போடவில்லை. முருகேசன் நான்கு தரம் வீட்டுக்கு நடந்தார்.

ஒரே ஒரு தடவை

அடுத்த குடியரசு தினத்துக்கு நான்தான் கொடியேற்றுவேன் என்று வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையில் எடுத்த கவளத்தைத் திரும்பத் தட்டிலேயே வைத்தார்.

கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பேன். அவர் அன்பாகப் பேசினார், அதுதான் கஷ்டமாக இருந்தது. அத்தனை ஆம்பளைகளுக்கு நடுவில் நான் போய் நிற்பது அவருக்குக் கௌரவக் குறைச்சல் இல்லையாம், எனக்குத்தான் கூச்சமாக இருக்குமாம். ஏதாவது தப்பாகிவிட்டால் ஊர் சிரிக்குமாம். வெயில் வேறு அடிக்குமாம். வருடம் முழுக்க அந்த வெயிலில் பருத்தி எடுக்கிறவள் நான் என்பது அவருக்கு அப்போது நினைவில்லை.

பத்து நாள் வீட்டில் முகம் பார்க்காத பேச்சு. கடைசியில் அவரே இறங்கி வந்தார். இறங்கி வந்ததிலும் ஒரு கொக்கி வைத்திருந்தார்.

“இந்த ஒரு தடவ நீயே ஏத்திக்க. ஏதாச்சும் கோளாறு ஆச்சுன்னா அதோட விட்றணும். கொடி, கூட்டம், நாற்காலி எதுலயும் அப்பறம் இந்தப் பேச்சே வரக்கூடாது. சரியா?”

நான் சரி என்றேன். என்ன நினைத்துச் சொன்னேனோ தெரியவில்லை. மிச்ச மூன்று வருடப் பதவியையும் ஒரு கயிற்றில் கட்டித் தொங்கவிட்டுவிட்டேன் என்பது தூங்கி எழுந்த பிறகுதான் உறைத்தது. அவர் அதற்குள் ஊரில் நாலு பேரிடம் சொல்லியும் விட்டார்.

குடியரசு தினத்தன்று காலையில் முருகேசன் வழக்கம்போலக் கொடி கட்ட வர வேண்டும். கிராம சபைக்கு ஏதோ படிவம் வரவில்லை என்று அவரை ஒன்றிய அலுவலகத்துக்கு ஓடச் சொல்லிவிட்டார்கள். நான் குளித்து, பச்சை நிறச் சேலை கட்டி, அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது என் வீட்டுக்காரர் கொடியைச் சுருட்டிக் கட்டி மேலே ஏற்றி முடித்திருந்தார். கையைத் தட்டிக்கொண்டே வந்தார். எல்லாம் சரியாக இருக்கிறது, நீ சுண்டினால் போதும் என்றார். எனக்கு மனசு நெகிழ்ந்துவிட்டது. எவ்வளவு நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

மாட்டு முடிச்சு

தோளைத் தாண்டி வந்த கைக்கு வருகிறேன்.

கூட்டத்தில் யாரோ ஒருவர், ஆம்பளை கைக்குத்தான் அசையும் போலிருக்கிறது என்றார். இன்னொருவர் சகுனம் சரியில்லை என்றார். நாட்டுப்பண்ணைப் போடலாமா வேண்டாமா என்று மைக் செட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். என் வீட்டுக்காரரின் விரல்கள் கயிற்றைத் தொட்டுவிட்டன. அவர் முகத்தில் சிரிப்பு இல்லை, அதையும் சொல்ல வேண்டும். அவமானத்திலிருந்து என்னைக் காப்பாற்ற வந்தவர் போலத்தான் நின்றார்.

அப்போதுதான் என் கை அந்த முடிச்சை அடையாளம் கண்டுகொண்டது. இழுத்தால் இறுகும் முடிச்சு. எங்கள் வீட்டில் சாயங்காலம் மாட்டைக் கட்டுவது அவர் வேலை. விடியற்காலையில் அவிழ்ப்பது என் வேலை. மாடு எவ்வளவு இழுத்தாலும் அந்த முடிச்சு விட்டுக்கொடுக்காது, அதற்காகத்தான் அதைப் போடுவது. இருபத்து இரண்டு வருடமாக, தினம் பாதித் தூக்கத்தில், கண்ணைத் திறக்காமலே நான் அவிழ்த்துவருகிற முடிச்சு அது. கொடிக்கு உருவுமுடிச்சுப் போட வேண்டிய இடத்தில் மாட்டு முடிச்சு விழுந்திருக்கிறது.

வேண்டுமென்றே போட்டாரா என்று அன்று சாயங்காலமே கேட்டேன். பழக்கத்தில் கை தானாகப் போட்டுவிட்டது என்று குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்தார். நான் பாதி நம்புகிறேன். மிச்சப் பாதியை அவ்வப்போது கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன், போன வாரம்கூடக் கேட்டேன்.

கம்பத்தடியில் அதையெல்லாம் கேட்க நேரம் இல்லை. “கைய எடுங்க” என்றேன். நாலு பேர் முன்னால் அவரிடம் அப்படி நான் பேசியது அதுதான் முதல் தடவை. சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. ஆனால் மைக் ஆனில் இருந்தது.

அவர் கையை எடுத்தார். நான் கயிற்றின் மறு பக்கத்தைப் பிடித்துக் கொடியைக் கீழே இறக்கத் தொடங்கினேன்.

கூட்டம் கலகலத்துவிட்டது. இறக்கக் கூடாது, மேலே போன கொடியை இறக்கவே கூடாது என்று நாலு பக்கமும் குரல். மூச்சிரைக்க அப்போதுதான் வந்து சேர்ந்த முருகேசன் கையில் படிவக் கட்டோடு என் பக்கத்தில் ஓடிவந்தார். இரண்டு மூன்று செல்போன்கள் என்னை நோக்கி உயர்ந்திருந்ததைக் காட்டி, “எறக்காதீங்கம்மா, எவனாச்சும் படம் புடிச்சுப் போட்டா என் வேலை போயிரும்” என்று கெஞ்சினார்.

எனக்கும் பயம்தான். ஆனால் கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது, நல்லவேளை.

“இன்னும் விரியாத கொடி முருகேசா. கட்டு சரியில்லைன்னா அவுத்துத்தேன் கட்டணும். இந்தா, கீழ படாம ஏந்திக்க.”

கப்பி கிறீச்சிட்டது. கொடி இறங்கி வந்தது. முருகேசன் படிவங்களை அக்குளில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையையும் நீட்டி ஏந்தினார். நான் முடிச்சுக்குள் கட்டை விரலை நுழைத்து, வளையத்தைப் பின்னால் தள்ளி, ஒரே நெம்பு. அவிழ்ந்துவிட்டது. பூவெல்லாம் என் காலடியில் கொட்டின. பிள்ளைகள் வரிசையைக் கலைத்துக்கொண்டு பொறுக்க ஓடிவந்தார்கள்.

அவிழ்த்த பிறகுதான் அடுத்த சங்கடம் புரிந்தது. கொடியை மறுபடி சுருட்டிப் பூ வைத்துக் கட்ட எனக்குத் தெரியாது. முருகேசனுக்குத் தெரியும், ஆனால் அந்தச் செல்போன்களுக்கு முன்னால் கட்ட மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டார். என் வீட்டுக்காரருக்குத் தெரியும், அவரிடம் கேட்கப் போவதில்லை. காவி மேலே வருகிறதா என்று இரண்டு தரம் பார்த்தேன். கொடியைக் கயிற்றில் மாட்டினேன். விரிந்த கொடியை அப்படியே கீழிருந்து மேலே இழுத்தேன்.

கை மாற்றி, கை மாற்றி. நைலான் கயிறு உள்ளங்கையை அறுத்தது. பாதி உயரம் போனதும் காற்று வாங்கிக் கொடி என்னையே ஒரு இழுப்பு இழுத்தது. விடவில்லை. கிணற்றில் தண்ணீர் சேந்திய கை இது, எம்புட்டு இழுத்தாலும் தாங்கும். கப்பியில் போய் முட்டியதும் கயிற்றைக் கம்பத்தில் சுற்றிக் கட்டினேன். என்ன முடிச்சு என்று கேட்காதீர்கள், அவிழாத முடிச்சு.

மைக் செட்டுக்காரர் நாட்டுப்பண்ணைப் போட்டார். எல்லாரும் விறைத்து நின்றார்கள். சகுனம் சரியில்லை என்றவரும் நின்றார். என் வீட்டுக்காரரும் நின்றார். நிற்காமல் இருக்க முடியாது, பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. வெயில் கண்ணில் குத்தியது என்று பிறகு கேட்டவர்களிடம் சொன்னேன், அது பொய்.

ஒரு திருத்தம்

பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்து முடிந்தது. என் வீட்டுக்காரரும் அவர் சேக்காளிகள் நாலு பேரும் கம்பத்துக்கு அந்தப் பக்கம் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஒப்பந்தம் அவர்களுக்கெல்லாம் தெரியும். நடந்தது கோளாறா இல்லையா என்பதுதான் வழக்கு. கொடி விரியாதது கோளாறு என்றார் ஒருவர். பறக்கிறதே, பிறகு என்ன கோளாறு என்றார் இன்னொருவர்.

அந்த நேரம் பார்த்து சாமுவேல் சார் என்னிடம் வந்தார். எங்கள் ஊர்க்காரர். மதுரையில் மிஷன் பள்ளியில் சரித்திர வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவர். வீடு பழங்காநத்தத்தில், கடைகளுக்கு நடுவில் ஒரு மாடியில். வருடத்தில் இரண்டு நாள், ஆகஸ்டு பதினைந்துக்கும் ஜனவரி இருபத்தாறுக்கும், சலவைச் சட்டை போட்டு முதல் பேருந்தில் ஊருக்கு வந்துவிடுவார். நல்ல மனிதர். தப்பான தேதியை மட்டும் அவரால் பொறுத்துக்கொள்ள முடியாது. கல்யாணப் பத்திரிகையில் தேதி தப்பாக இருந்தால்கூடப் பேனாவை எடுத்துவிடுவார்.

வந்தவர் முதலில் தொண்டையைக் கனைத்தார். நடந்தது எல்லாம் நல்லபடி நடந்தது என்றார். மனசு கேட்காமல்தான் சொல்லுகிறேன் என்றார். அவர் சரித்திரம் பேசப் போகிறார் என்று தெரிந்ததும் கம்பத்துக்கு அந்தப் பக்கம் பேச்சு நின்றது. எல்லாரும் கிட்டே வந்தார்கள், என் வீட்டுக்காரர் முன்னால் வந்தார்.

“ஒரு தப்பு நடந்துபோச்சு பேச்சியம்மா. கீழருந்து ஏத்துறது ஆகஸ்டு பதினஞ்சுக்கு. அன்னைக்குத்தேன் வெள்ளக்காரன் கொடி எறங்கி நம்ம கொடி ஏறுச்சு. இன்னைக்கு ஏத்தக் கூடாது. சுதந்திரம் வந்து, சட்டம் எழுதி, அதுக்கப்பறம் வந்த நாளு இது. கொடி ஏற்கனவே மேல இருக்குன்னு அர்த்தம். விரிச்சு விட்டாப் போதும். நீ குடியரசு தினத்துல சுதந்திர தினத்தக் கொண்டாடிட்ட.”

அந்தப் பக்கம் ஒருவர் தொடையைத் தட்டினார். ஆச்சு, கோளாறு கிடைத்துவிட்டது. சரித்திர வாத்தியார் வாயாலேயே வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். பாவம், அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததை நான் பார்த்தேன்.

என் உள்ளங்கை எரிந்தது. சாரையே பார்த்துச் சொன்னேன்.

“ஆகஸ்ட்டுல கயிறு என் கைக்கு வரல சார். வந்த அன்னைக்குத்தேன ஏத்த முடியும்.”

சாமுவேல் சார் பேசும்போதே சட்டைப் பையிலிருந்து எடுத்த பேனாவைத் திரும்பப் பையிலேயே வைத்துக்கொண்டார். தொடையைத் தட்டியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நகர்ந்தார்.

கிராம சபைக்கு நேரமாகிவிட்டது. நான் முதலில் உள்ளே போனேன்.